கொத்தளத்துக் கெவுளி

வட்டமாகக் கட்டிய கொத்தளத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதன் முன்வயிற்றுக்குக் கீழே போய், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்பவனை எந்தப் பீரங்கியாலும் ஒன்றும் செய்ய முடியாது. தலைக்கு மேலே இருக்கும் பீரங்கியை அந்த அளவுக்குக் கீழே சாய்த்தால் குண்டு வாய் வழியாக உருண்டு வெளியே விழும். பக்கத்துக் கொத்தளத்துப் பீரங்கி சுடட்டுமே என்றால், அதற்கு இந்தக் கொத்தளத்தின் வளைவே குறுக்கே நிற்கும். அந்த இடத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் செத்த மூலை.

கொல்லங்கோட்டுக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஊசிக்கல் கோட்டையில் நான் கைடு. பெயர் பிரதீபா. பாலக்காட்டுக் கோட்டையைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள், "இவ்வளவுதானா?" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று வரும். ஏனய்யா, கோட்டையை என்ன கிலோ கணக்கிலா வாங்குகிறாய்? நாலு கொத்தளம்தான், நாலு பீரங்கிதான். ஆனால் கட்டினவன் கெட்டிக்காரன். சுவர் செங்குத்தாக ஏறாமல், அடி பெருத்து, மேலே போகப் போகச் சற்றே உள்வாங்கி நிற்கும். வந்து மோதுகிற குண்டு வளைவில் வழுக்கிப் போய்விடும். வழுக்காமல் மோதினாலும் கருங்கல்லுக்குப் பின்னால் முழுக்க மண். மண் குண்டை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். இதையெல்லாம் தொண்டை கிழியச் சொல்லி முடித்த பிறகு, "மேடம், இங்கிருந்து மைசூருக்குச் சுரங்கம் இருக்குதாமே?" என்று ஒருத்தன் கேட்பான். இருந்தால் நான் ஏன் வெயிலில் நின்று உன்னோடு கத்திக்கொண்டிருக்கிறேன்? தசரா பார்க்கப் போயிருக்க மாட்டேனா?

செத்த மூலையைப் பற்றியும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். அதை நான் எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை கோட்டைக்கு விடுமுறை. மதிலில் இருக்கும் சின்னத் திட்டிவாசலின் சாவி என் கையில். வடமேற்குக் கொத்தளத்தின் காலடியில், அகழிக்கும் சுவருக்கும் நடுவே, இரண்டு பேர் நெருக்கி உட்காரும் அளவுக்கு ஒரு மேடு உண்டு. நெருக்கி உட்காருவதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எங்களுக்கு என்றால் எனக்கும் சிவப்பிரகாஷுக்கும். வேலந்தாவளத்தில் எல்லை தாண்டி வரும் மாடுகளுக்கு வாயையும் குளம்பையும் பார்த்து, நோய் இல்லை என்று சீட்டு எழுதுவது அவன் வேலை. முதல் முறை என்னைப் பார்த்தபோது, "பல்லு வரிசை நல்லா இருக்குதுங்க" என்றான். அதற்கு வாங்கிய திட்டை இன்னும் மறக்கவில்லை என்கிறான்.

பையன் நல்லவன், நம் சனம்தான், வேலை இருக்கிறது. பிறகு என்ன தடை என்று கேட்கிறீர்களா? தடை ஒரு காளை மாடு.

பல வருடங்களுக்கு முன் வேலந்தாவளம் சந்தையில் சிவப்பிரகாஷின் அப்பா ரத்தினசாமி என் அப்பா குப்பண்ணனுக்கு ஒரு காளையை விற்றார். வீட்டுக்கு ஓட்டிவந்து பார்த்தால் அதற்கு வலது கண் தெரியாது. சந்தையில் அந்தப் பக்கத்தை அப்பாவுக்குக் காட்டவே இல்லையாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரத்தினசாமிக்குப் பெயர் ஒத்தக்கண்ணன். அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே தெரியும்.

ஆனால் அப்பாவுக்கு ரத்தினசாமி மேல் இருந்த கோபத்தைவிடத் தன் மேல் இருந்த கோபம்தான் அதிகம். அன்று காலை சந்தைக்குக் கிளம்பும்போது தெற்குச் சுவரில் கெவுளி சொன்னதாம். பல்லியைத்தான் எங்கள் பக்கத்தில் கெவுளி என்போம். தெற்கே சொன்னால் ஆகாது என்று தெரிந்தும் அப்பா காதில் போட்டுக்கொள்ளாமல் போனாராம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பல்லி கையெழுத்துப் போடாமல் ஒரு காரியமும் நடக்காது. போர்வெல் போடுவதா, தென்னங்கன்று வைப்பதா, எல்லாவற்றுக்கும் அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். நான் கல்லூரியில் என்ன படிப்பது என்பதையும் பல்லிதான் முடிவு செய்தது. அப்பா "சரித்திரம்" என்றபோது அது சத்தம் போட்டது. பூச்சியைப் பார்த்துப் போட்டதோ என்னவோ, நான் பிழைத்தேன்.

போன மாதம் ரத்தினசாமி முறைப்படி பெண் கேட்டு ஆள் அனுப்பினார். நானும் துணிந்து அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"அப்பா, எனக்கு அவரப் புடிச்சிருக்குதுங்க."

"எனக்கும்தான் அந்தக் காளையப் புடிச்சிருந்துது, அம்மிணி. கெவுளி என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

இங்கேதான் வந்தது வினை. நாங்கள் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். அம்மா இறந்த பிறகு எங்களோடு இருக்கும் கருப்பாத்தாள் அத்தை, கரப்பான் தொல்லை என்று ஆளைக் கூப்பிட்டு வீடு முழுக்க மருந்து அடித்துவிட்டாள். கரப்பானோடு பல்லியும் ஊரைக் காலிசெய்துவிட்டது. அப்பா தினமும் சாயங்காலம் வெள்ளைச் சுவரைப் பார்த்து உட்காருவார், எழுந்திருப்பார். நாட்கள் ஓடின. மறுநாள் ஆடி பிறக்கிறது என்கிற திங்கட்கிழமையும் வந்தது. ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். "இன்னைக்குப் பொழுதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லீருங்க, இல்லீன்னா நாங்க வேற பக்கம் பாத்துக்கறோம்" என்று ரத்தினசாமி சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமைதான் நானும் சிவப்பிரகாஷும் செத்த மூலையில் செத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தோம். சாரல் விட்டுவிட்டு அடித்தது. அப்போது என் போன் அதிர்ந்தது. கோட்டை வாசலில் டிக்கெட் கொடுக்கும் சிசிலி அக்கா. போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், வாசலை ஒட்டிய அறையிலேயே இருக்கிறார்.

"ஏ பிள்ள, ஒங்கப்பா வந்திருக்காக. கையில தேங்கா பழமெல்லாம் இருக்கு. இன்னைக்கு லீவுன்னு சொன்னா கேக்க மாட்டேங்காக. பல்லி இருக்கிற ரூம் எதுன்னு கேட்டாக. வடமேக்கு பீரங்கி அறையக் காட்டிவிட்டுட்டேன், என்ன?"

என் வாய் இருக்கிறதே, அதைத் தைக்க வேண்டும். போன வாரம் சாப்பிடும்போது, "அந்தப் பீரங்கி அறை பூராப் பல்லிங்கப்பா, வர்ற ஆளுங்க கத்தறாங்க" என்று நான்தான் சொன்னேன். அந்த அறை எங்கள் தலைக்கு நேர் மேலே கொத்தளத்தைக் குடைந்து கட்டியது.

"ஓடீரலாமுங்களா?" என்றான் சிவப்பிரகாஷ்.

எங்கே ஓடுவது? திட்டிவாசலுக்குப் போக மதிலை ஒட்டியே நடக்க வேண்டும். பீரங்கி அறையின் பக்கவாட்டில் சன்னல் மாதிரி ஒரு சந்து இருக்கிறதே, மதிலோரம் வருகிறவனைச் சுடுவதற்கென்றே திறந்துவைத்தது. அங்கிருந்து பார்த்தால் எறும்பு போனாலும் தெரியும். முன்னால் அகழி, ஆனி மழையில் நிறைந்து கிடந்தது. கட்டினவன் கெட்டிக்காரன் என்று சொன்னேன் அல்லவா, அன்று அவனை வாயாரத் திட்டினேன். எங்களுக்குப் பத்திரமான இடம் நாங்கள் உட்கார்ந்திருந்த மூலை மட்டும்தான்.

அதுவும் முழுப் பத்திரம் இல்லை. பீரங்கிக்கு எட்டாத மூலையைக் கட்டினவன் சும்மா விடுவானா? பீரங்கி அறையின் தரையிலிருந்து சுவருக்குள் சாய்வாக ஒரு துளை விட்டிருந்தான். அது எங்கள் தலைக்கு மேலே வந்து திறக்கும். காலடியில் ஒளிந்திருப்பவன் மேல் கொதிக்கிற எண்ணெயை ஊற்றுவதற்கு. எண்ணெய் வரும் வழியில் பேச்சும் வரும் என்பதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்பா மேலே வந்து செருமியது, என் காதுக்குள் செருமியது மாதிரிக் கேட்டது.

தீக்குச்சி உரசும் சத்தம். கற்பூர வாசனை. புராதனக் கட்டடத்தில் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது என்று கத்த எனக்கு வாய் வரை வந்துவிட்டது. சிவப்பிரகாஷ் என் வாயைப் பொத்தினான்.

"கருப்பராயா," என்று எங்கள் சாமியைக் கூப்பிட்டு ஆரம்பித்தார் அப்பா. "எனக்குச் சுத்திவளைச்சுப் பேசத் தெரியாது. அந்தக் காளையப் பத்தி ஊரெல்லாம் கொறை சொன்னன். ஆனா உனக்குத் தெரியும், அது மாடில்ல, தங்கம். ஒத்தக் கண்ணுலயே என்ற காட்டப் பூரா உழுதுது. கண்ணு தெரியாத பக்கம் நான் நடந்தன்னா, கைய மோந்து பாத்துட்டு நிம்மதியா நடக்கும். சாகற வரைக்கும் ஒரு குத்தங் கெடையாது. அத நான் ஒருத்தங்கிட்டயும் சொல்லல. சொன்னா அந்த ரத்தினசாமி கெலிச்சுருவான்ல?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. இத்தனை வருடம் அந்த மாட்டை அவர் திட்டி மட்டுமே கேட்டிருக்கிறேன்.

"மாடுன்னா பரவால்ல சாமி. புள்ளைய எப்படி அந்தப் பக்கம் பாக்காமக் குடுக்கறது? அவங்கம்மா இருந்தா அவ பாத்திருப்பா. எனக்கு ஒரு பக்கந்தான் தெரியுது. நீ சரின்னா கெவுளிய உட்டுச் சொல்லு."

நாங்கள் துளையைப் பார்த்துக் காத்திருந்தோம். அந்த அறையில் பல்லிக்கா பஞ்சம்? டூரிஸ்ட் வந்தால் தலையில் விழத் தெரிகிறது, சட்டைக்குள் நுழையத் தெரிகிறது. அன்றைக்கு ஒன்றாவது வாயைத் திறக்க வேண்டுமே! எல்லாம் மௌன விரதம்.

சிவப்பிரகாஷ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். வேண்டாம் என்று நான் தலையாட்டுவதற்குள் அவன் துளையைப் பார்த்து நாக்கைச் சொடுக்கினான்.

"ட்ச்சு, ட்ச்சு, ட்ச்சு."

"கெவுளியா இது? வண்டியா ஓட்டறீங்க?" என்று அவன் தொடையைத் திருகினேன்.

 மேலே அப்பா அத்தைக்குப் போன் போட்டார். காது மந்தம் என்று எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"கருப்பாத்தா, காலண்டர எடு. பின்னால கெவுளி பலன் போட்டிருக்கும் பாரு. கெவுளி சொல்லீருச்சு."

"அட, நல்லதாப் போச்சு! எந்தப் பக்கமுங்கண்ணா?"

"கீழயிருந்து."

"கீழயா? எட்டுத் திக்குக்கும் போட்டிருக்குதுங்க, கீழைக்கு ஒண்ணுமே போடலீங்களே... சித்த இருங்க. ஆங், இருக்குது, இருக்குது. கீழ சொன்னா கலியாணம் கூடுமாமா."

"கண்ணாடி போட்டிருக்கறயா?"

"கண்ணாடி பிரிட்ஜு மேல இருக்குதுங்க."

"அப்பறம் எப்படிப் படிச்ச?"

"நல்லதப் படிக்கறதுக்குக் கண்ணாடி எதுக்குங்கண்ணா?"

என் அத்தைக்குக் கோயிலே கட்டலாம். நான் சிவப்பிரகாஷின் கையைப் பிடித்து ஆட்டினேன். அவன் பூரித்துப்போய் என்னைப் பார்த்தான். அப்போதுதான் பாலக்காட்டுக் கணவாய்க்காற்று ஒரு வீச்சு வீசி, கல்லிடுக்கில் நனையாமல் பொடிந்திருந்த பழைய சுண்ணாம்பை அள்ளி அவன் முகத்தில் அடித்தது. பாவி மனுஷன் மூக்கைப் பிடித்தான், வாயைப் பிடித்தான், என் துப்பட்டாவைப் பிடித்தான். ஒன்றும் பலிக்கவில்லை.

"ஹச்!"

துளை வழியாகப் போய் மேலே அறை முழுக்க எதிரொலித்தது. பீரங்கி வெடித்திருந்தால்கூட அவ்வளவு சத்தம் வந்திருக்காது.

"என்னங்கண்ணா அது, தும்மலா?" என்றாள் போனில் அத்தை.

"தும்மல்தான்," என்றார் அப்பா. குரல் இறங்கிவிட்டது. "ஒத்தத் தும்மல்."

ஒற்றைத் தும்மல் ஆகாது. அது பல்லி சொன்னதையும் அழித்துவிடும். இரட்டைத் தும்மல் என்றால் சுபம். எங்கள் ஊரில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"இன்னொண்ணு தும்முங்க!" என்று அவன் காதில் சீறினேன்.

"எனக்கு எப்பவும் ஒண்ணுதான் வருமுங்க."

"கல்யாணம் வேணுமா வேண்டாமா?"

அருகம்புல்லைப் பிடுங்கி அவன் மூக்கில் விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர தும்மல் வரவில்லை. சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பை அவன் உள்ளங்கையில் வைத்தேன், உறிஞ்சினான், முகத்தை நாலு கோணலாக்கினான், "வருது வருது" என்று கையைத் தூக்கினான், போய்விட்டது. இன்னொரு புல்லை என் மூக்கிலேயே விட்டுக்கொண்டேன். கிச்சுகிச்சுதான் வந்தது. சிரிப்பை அடக்க முழங்காலைக் கடித்தேன். மேலே பிளாஸ்டிக் பை சலசலத்தது. அப்பா தேங்காயைத் திரும்பப் பைக்குள் வைக்கிறார்.

அந்தச் சத்தத்தில் என் சிரிப்பு நின்றது. போச்சு. ஒரு தும்மலில் என் வாழ்க்கை போச்சு. நாளைக்கு ஆடி. ரத்தினசாமி வேறு பெண் பார்த்துவிடுவார். இந்த மேட்டில் இனி நான் தனியாக உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வளைவும் குண்டும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.  புல் இன்னும் சிவப்பிரகாஷின் மூக்கில் தொங்கிக்கொண்டிருந்தது, அவனுக்கு எடுக்கக்கூடத் தோன்றவில்லை. நான் அவன் தோளில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதேன். சத்தமில்லாமல் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மேலே பையின் சலசலப்பு நின்றது. அப்பாவின் காலடி துளை வரைக்கும் வந்தது. அங்கேயே வெகுநேரம் நின்றது.

பிறகு,

"அச்சூ."

உலகத்தில் இவ்வளவு கேவலமாக ஒரு மனிதன் தும்மி நான் கேட்டதில்லை. ஒருவர் எழுதிக் கொடுத்து இன்னொருவர் வாசித்த மாதிரி இருந்தது. தன் வாழ்நாளில் சகுனத்தில் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லாத என் அப்பா, துளையின் வாயில் நின்றுகொண்டு பொய்த் தும்மல் தும்மினார்.

"அண்ணா, ரெண்டாவதுங்களா?"

"ரெண்டாவதுதான்."

"ஆருங்க தும்முனது?"

"ஆரு தும்முனா என்ன கருப்பாத்தா? ரெண்டு வந்துதா இல்லியா?"

டமார் என்று தேங்காய் உடைந்தது. நான் அண்ணாந்து பார்க்கவும் துளை வழியாகத் தேங்காய்த் தண்ணீர் இறங்கவும் சரியாக இருந்தது. என் தலையிலும் அவன் தலையிலும் ஒரு சொட்டு வீணாகாமல் விழுந்தது. கட்டினவன் குறி அப்படி. இத்தனை காலத்தில் அந்தத் துளை வேலை செய்து பார்த்த முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

"மாப்ள," என்றது துளை. "கெவுளி அப்படிச் சொல்லாது. அது மாடு முடுக்கற சத்தம். உங்கப்பன் சந்தையில அதே மாதிரி நாக்கச் சொடுக்கித்தான் அந்தக் காளைய எனக்கு ஒரு பக்கமாவே நடத்திக் காட்டுனான். நான் மறப்பனா? மேல வா. இந்தத் தடவ ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் உடுவன். அம்மிணி, நீயும் வா. மூக்கச் சிந்தீட்டு வா."

மேலே போனோம். தேங்காய்த் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற சிவப்பிரகாஷை அப்பா தோளைப் பிடித்து இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார். உள்ளங்கையால் அவன் இடது கண்ணைப் பொத்திவிட்டு, வலது கண்ணுக்கு முன்னால் எதையோ நீட்டினார்.

"இதென்ன?"

"தேங்காச் சில்லுங்க மாமா."

"தின்னு," என்றார் அப்பா. அவன் வாயில் போட்டுக்கொண்டு மெல்ல ஆரம்பித்ததும், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

"அண்ணா, இருக்கீங்களா?" போன் இன்னும் அணையவில்லை. "ரத்தினசாமி அண்ணன ராத்திரி சோத்துக்கு வரச் சொல்லட்டுங்களா?"

"வரச் சொல்லு. அந்த ஒத்தக்கண்ணன எனக்கு எதுத்தாப்பல உக்கார வெச்சுச் சோறு போடறன். அப்பறம் காளையப் பத்தி ஒரு விசயம் சொல்லோணும் அவங்கிட்ட."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பீரங்கி அறையின் வாசற்படியில் அப்பா கால் வைத்ததும் பின்னால் சத்தம் வந்தது. பளிச்சென்று, கணீரென்று, சந்தேகத்துக்கே இடமில்லாமல் ஒரு நிஜக் கெவுளி. தெற்குச் சுவரில்.

மூன்று பேரும் அப்படியே நின்றோம். சிவப்பிரகாஷ் மென்றுகொண்டிருந்த தேங்காயை விழுங்கவில்லை. நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவர் காலையே பார்த்தேன். படியில் வைத்த கால் அசையவில்லை.

கெவுளி இன்னொரு தடவையும் சொன்னது.

"நட, அம்மிணி," என்றார் அப்பா. "எனக்குத்தான் காது மந்தமாச்சே."

அடுத்த படியில் காலை வைத்து இறங்கினார்.